ரிப்போர்ட் கார்டுல 5 போட்டிருக்காங்க, சந்தோஷப்படவா வேணாமா?

கேள்வி: சார், பொண்ணு ஐபி-ங்கற சர்வதேச பாடத்திட்ட ஸ்கூல்ல எம்ஒய்பி, அதாவது பத்தாவது வரைக்குமான கட்டத்துல படிக்கிறா. கணக்குல 5-னு வந்திருக்கு. 7-க்கு 5-னா 71 சதவீதம் தானே? போன ஸ்கூல்ல 90-க்கு கீழ இறங்கினதே இல்ல, திட்டவா வேணாமான்னு தெரியல. ரேங்க்கும் போடல.

பதில்: திட்டாதீங்கம்மா, முதல்ல அந்த கால்குலேட்டரை கீழ வைங்க. என் பையனோட முதல் ரிப்போர்ட் வந்தப்ப நானும் இதே வகுத்தல் தான் போட்டேன், ரெண்டு நாள் வீட்ல யாருக்கும் முகமே சரியில்ல. எம்ஒய்பில ஒவ்வொரு பாடத்துக்கும் ஏ, பி, சி, டி-னு நாலு அளவுகோல் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் 8, ஆக மொத்தம் 32. இதுல 28 வந்தாலே 7, 24-லேர்ந்து 27 வரைக்கும் 6, 19-லேர்ந்து 23 வரைக்கும் 5. அப்போ 19 வாங்கின பிள்ளைக்கும் 23 வாங்கின பிள்ளைக்கும் கார்டுல ஒரே 5 தான், ஆனா 23 எடுத்தது ஒரு மார்க்ல 6-ஐ விட்டிருக்கு. அதனால கடைசி நம்பரை விட்டுட்டு அந்த நாலு நம்பரை பாருங்க.

கணக்குல ஏ-ங்கறது கணக்கு போடத் தெரியுமாங்கறது, பி ஒரு பேட்டர்னை கண்டுபிடிச்சு விதியா சொல்றது, சி ஸ்டெப்பை எல்லாம் புரியற மாதிரி எழுதி காட்டுறது, டி நிஜ வாழ்க்கை விஷயத்துல கணக்கை பயன்படுத்துறது. உங்க பொண்ணுக்கு ஏ-ல 7 வந்து சி-ல 4-னு இருந்தா அவளுக்கு கணக்கு வராம இல்ல, மனசுலயே போட்டுட்டு விடையை மட்டும் எழுதுறான்னு அர்த்தம். இதுக்கு டியூஷன் வெச்சு இன்னும் நூறு கணக்கு போட வெச்சா ஏற்கனவே நல்லா இருக்கற ஏ தான் ஏறும், சி அப்படியே நிக்கும். டீச்சரை பார்க்கும்போது "ஏன் குறைஞ்சது"ன்னு கேக்காம "சி-ல 6 வாங்கின பேப்பர் எப்படி இருக்கும், பேர் இல்லாம ஒண்ணு காட்டுங்க"ன்னு கேளுங்க. ரேங்க் வராது. பக்கத்து பெஞ்சோட ஒப்பிடறதே இல்ல, அளவுகோலோட மட்டும் தான்.

கேள்வி: பையனை ஐஜிசிஎஸ்இ (கேம்பிரிட்ஜோட பத்தாவது மாதிரி பரீட்சை) கணக்குல கோர்-ங்கற சுலபமான பேப்பரை எழுத சொல்றாங்க, ஈஸியா இருக்குமாம். சரின்னு சொல்லிடலாமா?

பதில்: உடனே தலையாட்டாதீங்க. கேம்பிரிட்ஜ் கணக்குல கோர் எழுதினா எவ்வளவு பிரமாதமா பண்ணாலும் சி-க்கு மேல கிரேடே கிடையாது, ஏ ஸ்டார், ஏ, பி எல்லாம் எக்ஸ்டெண்டட்-ங்கற கஷ்டமான பேப்பர் எழுதுறவங்களுக்கு தான். இதை ஸ்கூல்ல சொல்லியிருக்கணும், பல பேருக்கு ரிசல்ட் வந்தப்புறம் தான் தெரியுது, எனக்கு இதுல கோவமே வரும். பின்னால ஏ லெவல்ல (பிளஸ் டூ மாதிரி) கணக்கு எடுக்கற ஐடியா இருந்தா எக்ஸ்டெண்டட் தான் கேக்கணும், அதுவும் பரீட்சைக்கு பேர் குடுக்கறதுக்கு முன்னாடி. இல்ல, கணக்குன்னாலே அவனுக்கு உதறுது, பாஸ் ஆனா போதும்னா கோர் தப்பே இல்ல.

கேள்வி: ஐபி டிப்ளமால (ஐபி-யோட பிளஸ் டூ மாதிரி) மொத்த பாயிண்ட் 45 எப்படி வருது? ஆறு பாடம், ஒவ்வொண்ணுக்கும் 7-னா 42 தானே?

பதில்: மீதி 3, டிஓகே-க்கும் (நமக்கு ஒரு விஷயம் எப்படி தெரியுதுன்னு யோசிக்கற பாடம்) 4,000 வார்த்தைக்குள்ள எழுதற எக்ஸ்டெண்டட் எஸ்ஸே-ங்கற ஆய்வுக் கட்டுரைக்கும் சேர்த்து. சிஏஎஸ்-க்கு (கலை, விளையாட்டு, சேவைன்னு படிப்புக்கு வெளிய செய்யறது) பாயிண்ட் இல்ல, ஆனா முடிக்கலைன்னா டிப்ளமாவே கிடையாது.