அந்தக் கடைசிப் பத்தி

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 54. பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆறு வருடத்துக்கு முன், எழுத ஆசைப்படும் பெண்கள் எட்டுப் பேரைச் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தேன். மாதம் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவரவர் கதையை வாசித்துப் பேசுவோம். ஜெராக்ஸ் எடுப்பது, நாற்காலி போடுவது, வராதவர்களுக்குப் போன் செய்வது எல்லாம் நான். கதைகளை வரிக்கு வரி திருத்திக் கொடுப்பதும் நான்தான். அந்தக் கால நாவலாசிரியை வை.மு. கோதைநாயகி சொல்லச் சொல்ல, அவருடைய முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தாராமே, அப்படி எட்டுப் பேருக்கும் நான் பட்டம்மாளாக இருந்தேன்.

இப்போது பாதிப் பேர் வருவதில்லை. மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை, ஏதாவது ஒன்று. எனக்கு மட்டும் வீடு வாசல் இல்லையா? வாட்ஸ்அப்பில் கூட்டத் தேதி போட்டால் இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைவிரல் வருகிறது. ஆனால் அவர்களுக்குள் என்னை விட்டுவிட்டு ஒரு தனிக் குழு இருக்கிறதாம். கேள்விப்பட்டபோது அழுகையே வந்துவிட்டது.

குழுவிலேயே கடைக்குட்டி ஒருத்தி, 27 வயது. ஒற்று எங்கே மிகும் என்றுகூடத் தெரியாமல் வந்தவள். போன மாதம் அவள் கதை ஒரு பத்திரிகையில் வந்தது. என்னிடம் தனியாகச் சொல்லவில்லை, எல்லாருக்கும் சொன்னதோடு சரி. அந்தக் கதையை நான்கு முறை திருத்தியவள் நான். (கடைசிப் பத்தி வேண்டாம், எடுத்துவிடு என்றும் சொன்னேன், அவள் எடுக்கவில்லை. முதல் வாசிப்பிலேயே எனக்கு அந்தப் பத்தி பிடித்துத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.) நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்? நாற்காலிகூட நான்தான் போடுகிறேன் மேடம்.

பெண்ணுக்குப் பெண்ணே துணையில்லை என்றால் வேறு யார்? குழுவைக் கலைத்துவிடட்டுமா? என் கணவரும் அதைத்தான் சொல்கிறார்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

நாற்காலியை இரண்டு முறை சொல்லிவிட்டீர்கள். கடைசிப் பத்தியை ஒரே முறை, அதுவும் அடைப்புக்குறிக்குள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

பிடித்திருந்த பத்தியை எடுத்துவிடச் சொன்னீர்கள். அதற்குப் பெயர் பொறாமை. கோபப்படாதீர்கள், எழுதுகிறவர்கள் கூடும் இடத்தில் அது வராமல் இருக்காது. நல்ல வரி எது என்று தெரிந்தவருக்குத்தான் அது சுருக்கென்று தைக்கும். ஆனால் அது திருத்துகிற பேனாவுக்குள் புகுந்துகொண்டு, 'உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்' என்று பேசியது. அது தவறு. உங்களுக்கே தெரிந்திருப்பதால்தான் எனக்கு எழுதினீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் கதையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆறு வருடம் என்றால் எழுபது கூட்டமாவது நடந்திருக்கும். உங்கள் கதை எத்தனை முறை வாசிக்கப்பட்டது? மற்றவர்கள் மாதாமாதம் தங்கள் அரைகுறையைக் கொண்டுவந்து, குரல் நடுங்க வாசித்திருக்கிறார்கள். நீங்கள் எதிரே பேனாவோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். மன்னியுங்கள், அதை வகுப்பறை என்றுதான் சொல்வேன். டீச்சர் இல்லாத இடத்தில் பிள்ளைகள் கூடிப் பேசுவதற்குத் துரோகம் என்று பெயர் வைக்க முடியுமா?

வராதவர்களையும் கொஞ்சம் விடுங்கள். மாமியாரின் காய்ச்சலும் பிள்ளையின் பரீட்சையும் சாக்குப்போக்கு என்று உங்களால் எப்படிச் சொல்ல முடிகிறது? உங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சை இருந்த வருடங்களில் நீங்கள் என்ன எழுதினீர்கள்? அந்த வருடங்களுக்காக உங்களிடம் யாரும் வருத்தம் தெரிவித்திருக்க மாட்டார்கள். அந்தப் பெண் 27 வயதில் எழுதிவிட்டாள். வலி அங்கே இருக்கிறது, நன்றி சொல்லாததில் இல்லை.

பட்டம்மாளை நீங்களே இழுத்தது நல்லதாயிற்று. கோதைநாயகியிடம் கதை இருந்தது, அப்போது எழுதப் பழகியிருக்கவில்லை. தோழி கை கொடுத்தார். அப்படி உருவான 'இந்திர மோகனா' நாடகம் 1924-ல் அச்சேறியது. அந்தக் கோதைநாயகிதான் பிறகு 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூறு நாவலுக்கு மேல் எழுதினார். பட்டம்மாள் செய்தது கேட்டு எழுதிய வேலை. உங்களைப் பார்த்தால் எனக்குப் பட்டம்மாள் நினைவுக்கு வரவில்லை, நாடகத்தைச் சொல்ல ஆரம்பிக்காத கோதைநாயகிதான் வருகிறார். கேட்க ஒரு தோழி உங்களுக்குத்தான் வேண்டும்.

குழுவைக் கலைக்க வேண்டாம். அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, 'அந்தப் பத்தி எனக்கு முதலிலேயே பிடித்திருந்தது, எடுக்கச் சொன்னது தப்பு' என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் விளக்காதீர்கள், மன்னிப்புக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்; அது அவளுக்கு இன்னொரு சுமை. அடுத்த கூட்டத்திலிருந்து யார் கையிலும் பேனா இருக்கக்கூடாது. கதை எழுதியவர் பேசாமல் இருக்கட்டும். மற்றவர்கள் மனதில் நின்றதை முதலில், கவனம் நழுவிய இடத்தைப் பிறகு, வாயால் சொல்லட்டும்.

அந்தக் கூட்டத்தின் முதல் கதை உங்களுடையது. பாதியில் நின்றதானாலும் சரி. முந்தின நாளே அதை அந்தக் கடைக்குட்டியிடம் கொடுங்கள். தன் பத்தியை உங்களிடமிருந்தே காப்பாற்றியவள், அவள் காது நல்ல காது. எதையாவது எடுக்கச் சொன்னால் உடனே பதில் சொல்லாமல் ஒரு நாள் பொறுங்கள்.