பத்துமலைக் கூட்டத்துக்கு வராத தலைவர்: உளவுத்துறை ஆய்வு பற்றிக் கேள்வி பதில்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கூடும் எங்கள் வாசிப்புக் குழுவினர் அனுப்பிய கேள்விகளுக்கு, உளவுத்துறை ஆய்வுப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

செந்தூல் மாணவி: ஐயா, உளவு என்றாலே ரகசியம்தானே? அதை எப்படி ஆய்வு செய்வது?

அன்றைய ரகசியம்தான் அம்மா பின்னாளில் ஆவணமாகிறது. காலனி நாடுகளிலிருந்து எடுத்துச் சென்ற கோப்புகளை மறைத்து வைத்திருந்ததை பிரிட்டன் 2011இல் ஒப்புக்கொண்டது. அதற்குக் காரணம் கென்ய முதியவர்கள் தொடுத்த வழக்கு. 2012 முதல் அவை லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் திறக்கப்பட்டன. மலாயாக் கோப்புகளும் அவற்றில் உண்டு. ஆனால் 1957இல் ஐந்து லாரி நிறைய ஆவணங்கள் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்குப் போய்ச் சாம்பலாயின. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

காஜாங் வாசகர்: மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் லாய் டெக் ஓர் உளவாளி என்பதைக் கட்சியினர் ஏன் கண்டுபிடிக்கவில்லை?

என் வகுப்பில் நான் அதிக நேரம் செலவிட்ட கேள்வி இதுதான். மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக 1939இல் வந்தவர் லாய் டெக். அப்போதே அவர் பிரிட்டிஷாரின் ஆள். 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஜப்பானிய ராணுவக் காவல்துறையான கெம்பெய்தாயிடம் சிக்கி, அவர்களுக்கும் தகவல் தரத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி, தைப்பூசத்துக்கு நாம் காவடி எடுத்துப் போகும் பத்துமலைக்கு அருகே கூடியிருந்த கட்சித் தலைவர்களை ஜப்பானியர் சுற்றி வளைத்துச் சுட்டனர். பொதுச் செயலாளர் மட்டும் அங்கே வரவில்லை.

தோழர்கள் பிடிபட்டுக்கொண்டே இருக்க, அவர் தப்பிக்கொண்டே இருந்தார். திறமைசாலி என்று கட்சி நம்பியது. ஆனால் காட்டிக்கொடுப்பவனும் தப்பத்தான் செய்வான். இரண்டு விளக்கத்துக்கும் பொருந்துகிற சான்று எதையும் நிரூபிப்பதில்லை. ரிச்சர்ட்ஸ் ஹோயர் என்ற அமெரிக்க உளவு ஆய்வாளர் வலியுறுத்திய முறை இதுதான்: நம் கருத்துக்கு எது துணை நிற்கிறது என்று தேடாமல், எது அதை உடைக்கிறது என்று தேட வேண்டும். அப்படித் தேடியிருந்தால் முதலில் கேட்டிருக்க வேண்டியது, “அன்று அவர் எங்கே இருந்தார்?” என்பதுதான். 1947 மார்ச்சில் கட்சியின் விசாரணை நெருங்கியபோது அவர் கட்சிப் பணத்துடன் மறைந்தார். இடையில் கழிந்தவை நாலரை ஆண்டுகள்.

பத்துமலைக்காரர் ஒருவர்: வள்ளுவர் ஒற்றாடலில் மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்கிறாரே, இன்றைக்கும் அது பொருந்துமா?

பொருந்தும். ஆனால் எல்லோரும் பின்பாதியை மட்டும் சொல்கிறார்கள். “ஒற்றொற் றுணராமை ஆள்க” என்ற முன்பாதிதான் உயிர்நாடி: ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியக் கூடாது. சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் மூவரும் ஒரே வாட்ஸ்அப் செய்தியை அனுப்பினால் அது மூன்று சான்றாகாது, ஒன்றுதான்.

பெட்டாலிங் ஜெயா பொறியாளர்: பகுப்பாய்வாளருக்கு முதலில் வேண்டிய திறமை எது?

எழுத்து. 1951இல் யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்கக் “கணிசமான வாய்ப்பு” உண்டு என்று ஓர் அமெரிக்க அறிக்கை சொன்னது. அதைத் தயாரித்தவர்களிடமே ஷெர்மன் கென்ட் என்ற அமெரிக்க உளவுப் பகுப்பாய்வாளர் பொருள் கேட்டார். ஒருவருக்கு அது நூற்றுக்கு 20, இன்னொருவருக்கு 80. நம் “கூடும்”, “நேரலாம்” என்பவையும் அப்படித்தான். எண்ணைச் சேர்த்து எழுதப் பழகுங்கள்.

பந்திங் வாசகி: மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில் (1948-60) பால்மரம் (ரப்பர்) வெட்டப் போகும்போது சோறு எடுத்துப் போகக் கூடாதென்று கேட்டில் சோதிப்பார்களாம். பாட்டி சொல்வார். இதற்கும் உளவுக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி வெளியிலிருந்துதான் போக வேண்டும். 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் சுமார் 5 லட்சம் பேர் வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளரும் ஒரே இடத்தில் குவிக்கப்பட்டனர். அரிசி போகும் வழியைப் பிடித்தால் ஆளையும் பிடிக்கலாம். பிடிபட்டவரைச் சிறப்புப் பிரிவு எனப்பட்ட உளவுப் போலீஸ் தன் தகவலாளியாக மாற்ற முயலும். பசியோடு மரம் வெட்டியவர்களின் கதை பிரிட்டிஷ் கோப்புகளில் அரிதாகவே வரும். பாட்டி இருக்கிறார் என்றால் இந்த வாரமே அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள் அம்மா: தோட்டத்தின் பெயர், ஆண்டு, கேட்டில் நின்றவர் யார், அவர் எந்த மொழியில் அதட்டினார்.