சுழியம் எத்தனை மணிக்கு?

கேள்வி: 2070-க்குள் நிகரப் பூஜ்ஜிய உமிழ்வு (வெளியிடும் கரிப்புகையும் காற்றிலிருந்து அகற்றுவதும் சரிக்குச் சரி) என்கிறது இந்தியா. அரசுகள் இவ்வளவு தூரத்தில் பருவநிலை இலக்கு வைப்பது சரியா? வேறு எப்படி வைக்கலாம்?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நீங்கள் ‘பூஜ்ஜியம்’ என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் மெய்ப்புத் திருத்துநர் அதை அடித்துச் ‘சுழியம்’ ஆக்கினார். நான் மறுபடி பூஜ்ஜியம் ஆக்கினேன். பதினோரு வருஷச் சண்டை இது. தமிழ்ச்சொல் மேல் எனக்கு விரோதமில்லை. சுழியம் என்றாலே எண்ணெய்ச் சட்டிதான் கண்முன் வருகிறது. பாசிப்பருப்பும் கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கிப் போடுவார்களே, சிலர் சுசியம் என்பார்கள், அது. (இப்போது கருப்பட்டிக்குப் பதில் சீனியைப் போடுகிறார்கள். மூன்று தலையங்கம் எழுதியும் ஒரு கடை திருந்தவில்லை.)

ஜங்ஷன் பக்கம் நான் போகும் டீக்கடையில் ‘மாலை 4 மணிக்குச் சுழியம்’ என்று பலகை தொங்கும். நான் மூன்று மணிக்கே எட்டிப் பார்ப்பேன். பருப்பு வெந்திருக்க வேண்டும். மூன்றரைக்கு உருண்டைகள் தட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால், “என்ன அண்ணாச்சி, இன்னைக்கு உண்டா இல்லையா?” என்பேன். “இந்தா ஆயிட்டுல்லா சார், அஞ்சே நிமிசம்!” பொய்தான். ஆனால் பொய் என்று அப்போதே தெரிந்துவிடும்; நானும் ஒரு வடையோடு கிளம்பிவிடலாம்.

அதே பலகையில் ‘2070-ல் சுழியம்’ என்று எழுதியிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அறிவித்தவர்கள் அப்போது இருக்க மாட்டார்கள். நானும்தான். சரி, 2030-க்கும் நமக்கு ஒரு கணக்கு உண்டு: பொருளாதாரத்தின் ஒவ்வொரு ரூபாய்க்குமான உமிழ்வை 2005-ல் இருந்ததைவிட 45 சதவீதம் குறைப்பது. ரூபாய் பெருகினால் மொத்தப் புகையும் பெருகலாம். கணக்கு மட்டும் பாஸாகிவிடும்.

பிரிட்டன் 2008-ல் போட்ட சட்டத்தில் பருப்பு வேகும் நேரமும் இருக்கிறது. ஐந்தைந்து வருஷத்துக்கு இவ்வளவுதான் உமிழலாம் என்று வரம்பு, அதுவும் 12 வருஷம் முன்கூட்டியே. தனிக் குழு ஒன்று வருஷாவருஷம் எட்டிப் பார்த்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கும்; அரசு பதில் சொல்லியாக வேண்டும். அங்கேயும் ‘அஞ்சே நிமிசம்’ உண்டுதான். இருந்தாலும், பணகுடிப் பக்கம் பழைய சின்னக் காற்றாலைகளில் இந்த வருஷம் எத்தனையை எடுத்துவிட்டுப் பெரியதாக மாற்றினீர்கள் என்று நாற்காலியில் இருக்கிறவரையே நாமும் கேட்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

இந்த இடத்தில் அல்வாவை இழுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டேன். திருநெல்வேலிக்காரனுக்கு வேறு பலகாரமே தெரியாதா என்ன?

மணி மூன்றே கால். பருப்பு வெந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.