பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கப் பயமா? கேளுங்கள், சொல்கிறேன்

ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வாரம் பெற்றோர் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு அம்மா: நான் எட்டாம் வகுப்போடு நின்று மலைக்கு வந்துவிட்டேன், டீச்சர். மகன் நாலாம் தரம். பிழையாகச் சொல்லிக்கொடுத்துவிடுவேனோ என்று புத்தகத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

காலையில் 7 கிலோ தேயிலைக் கொழுந்து, பகலில் 6, அந்திக்கு 8. ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு கிலோ கழித்தால் உங்கள் பெயரில் எத்தனை விழ வேண்டும்? 18 என்று தராசடியிலேயே சொல்லிவிடுவீர்கள். துண்டில் 17 என்று இருந்தால் கணக்கப்பிள்ளையைச் சும்மா விடுவீர்களா? அந்தக் கணக்கை இரவில் மகனிடம் கொடுங்கள். புத்தகத்தில் உங்களுக்குத் தெரியாதது வந்தால், "இதை எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லிக்காட்டு" என்று கேளுங்கள். சொல்லும்போது எங்கே தடுமாறுகிறானோ அங்கேதான் பிழை இருக்கும். பாதி நேரம் அவனே பிடித்துவிடுவான்.

பண்டாரவளையிலிருந்து ஒரு அப்பா: 52இல் 27 போனால் 35 என்கிறாள் மகள். எத்தனை தடவை சொன்னாலும் அதே விடைதான்.

அவள் கவனக்குறைவாகச் செய்யவில்லை. 2இல் 7 போகாது என்று தெரிந்ததும், 7இல் 2ஐக் கழித்து 5 போட்டுவிடுகிறாள். "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று நாம் சொல்வது அவளுக்கு வெறும் மந்திரம். கடன் என்றால் திருப்பிக் கொடுக்கவும் வேண்டுமே!

ஐந்து பத்து ரூபாய்க் குற்றியும் இரண்டு ஒரு ரூபாய்க் குற்றியும் அவள் கையில் கொடுங்கள். நீங்கள் கடைக்காரர். "27 ரூபாய், சரியான காசாகத் தா" என்று கேளுங்கள். ஒரு பத்தை நீட்டி, "மாற்றித் தாங்க அப்பா" என்று அவளே கேட்பாள். பத்து ஒற்றை ரூபாயாக மாற்றிக் கொடுங்கள். இப்போது அவளிடம் நான்கு பத்து, பன்னிரண்டு ஒன்று. 27ஐக் கொடுத்த பிறகு கையில் இருப்பதை எண்ணட்டும். நான்கைந்து நாள் குற்றியோடு விளையாடிய பிறகு பென்சிலை எடுத்தால் போதும்.

தலவாக்கலையிலிருந்து ஒரு அக்கா: தங்கச்சி தொண்ணூற்றெட்டை 908 என்று எழுதுகிறாள். அம்மா திட்டுகிறார்.

திட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இது நம் மொழி வைத்த பொறி. இருபது, முப்பது என்று எண்பது வரை எல்லாம் "பது" என்று முடிகிறது. தொண்ணூறு மட்டும் "நூறு" என்று காதில் விழுகிறது. தொள்ளாயிரமும் இப்படித்தான், ஆயிரத்தை இழுத்துக்கொண்டு நிற்கும். தங்கச்சி கேட்டதைத்தான் எழுதுகிறாள். ஒரு வாரம் "ஒன்பது பத்து, எட்டு" என்று சொல்லி எழுத வையுங்கள்.

கொழும்பில் கடையில் வேலை செய்யும் ஒரு அப்பா, வீடு நானுஓயாவில்: போனில் என்ன செய்ய முடியும்?

பத்து நிமிடம், ஒரே ஒரு கணக்கு. அன்று கடையில் நீங்கள் மீதிக்காசு கொடுத்த கணக்காக இருக்கட்டும். மார்க் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.

புசல்லாவையிலிருந்து ஒரு அப்பா: வாய்ப்பாடு மனதில் நிற்கவில்லை. இரண்டு அடி போட்டும் பார்த்தேன்.

எனக்கும் சின்ன வயதில் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு உள்ளங்கையில் பிரம்படி விழுந்தது. அடி நினைவிருக்கிறது, அன்று வாய்ப்பாடு வரவில்லை. பிரம்பை அடுப்பில் வையுங்கள்.

வரிசையாக ஒப்பிக்க வைக்காதீர்கள். முதலில் 2, 5, 10. இரண்டை இரட்டித்தால் 4, நாலை இரட்டித்தால் 8. ஒன்பதுக்குப் பத்தால் பெருக்கி ஒரு தடவையைக் கழிக்கலாம். 6 × 8 தெரிந்தால் 8 × 6 தனியாக வேண்டாம். இவ்வளவும் வந்த பிறகு மிச்சம் என்ன? 3 × 3, 3 × 6, 3 × 7, 6 × 6, 6 × 7, 7 × 7. ஆறே ஆறு! ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

ராகலையிலிருந்து ஒரு பாட்டி (பேத்தி எழுதி அனுப்பியது): பேத்தி பின்னம் படிக்கிறாள். பள்ளிக்கூட வாசலே மிதிக்காத நான் அவளுக்கு என்ன சொல்வது?

பாட்டி, அரைக்கால் என்றால் எவ்வளவு? காலில் பாதி. அதாவது எட்டில் ஒன்று. பேத்தியின் புத்தகத்தில் ½ × ¼ = ⅛ என்று இருப்பது இதுதான். அதில் பாதி மாகாணி, பதினாறில் ஒன்று. ரொட்டி சுடும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒன்றை நாலாகப் பிய்த்து, ஒரு காலை இரண்டாக்கிக் கையில் கொடுங்கள். "முழு ரொட்டியில் இது எத்தனையில் ஒரு பங்கு?" என்று கேளுங்கள். "இரண்டில் ஒன்று" என்பாள். சிரிக்காமல் மற்ற மூன்று கால்களையும் அவளையே பிய்க்கச் சொல்லுங்கள். எட்டுத் துண்டையும் எண்ணிய பிறகு சம்பலோடு சாப்பிடலாம்.

பதுளையிலிருந்து ஒரு அம்மா: மூன்றாம் தரத்திலேயே ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பில் சேர்க்கலாமா?

வேண்டாம். விளையாட விடுங்கள்.

கொட்டகலையிலிருந்து ஒரு அம்மா: இரண்டாம் தரத்து மகன் விரல்விட்டு எண்ணுகிறான். நிறுத்தச் சொல்லட்டுமா?

அது அவன் விரல், எண்ணட்டும். 8உம் 5உம் கூட்டும்போது ஒன்றிலிருந்து தொடங்குகிறானா, எட்டிலிருந்து தொடங்குகிறானா என்று மட்டும் பாருங்கள். ஒன்றிலிருந்து என்றால், "எட்டை மனதில் வை, ஒன்பது, பத்து…" என்று கூடவே எண்ணுங்கள். பஸ்ஸில் மீதிக்காசு வாங்கும்போது நானும் இன்னும் விரல் மடக்குகிறேன், கொண்டக்டருக்குத் தெரியாமல்.