கரண்ட் போனால் அம்மா தள்ளாடுகிறார், காரணம் காலா கண்ணா?

பகலில் நன்றாக நடமாடும் அம்மா, ராத்திரி கரண்ட் போனால் நின்ற இடத்திலேயே தள்ளாடுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். காலிலோ உள்காதிலோ இருக்கும் குறையைக் கண் இத்தனை நாளும் ஈடுகட்டி வந்திருக்கலாம்.

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது: உள்காது, கண், அப்புறம் பாதமும் மூட்டுகளும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் கண்ணை நம்பி நிற்பார்கள். வெளிச்சம் போனதும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. நரம்பு டாக்டர்கள் பாதங்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வது இதைப் பார்க்கத்தான்.

கண்ணுக்கு அவ்வளவு பலமா? 1974இல் டேவிட் லீ, எரிக் ஆரன்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், தரை அசையாமல் சுவர் மட்டும் நகரும் அறைக்குள் சின்னக் குழந்தைகளை நிறுத்தினார்கள். சுவர் எதிரே நெருங்கி வந்தால் குழந்தை பின்னால் சாய்ந்தது, சில நேரம் விழவும் செய்தது. முன்னால் சரிகிறோம் என்று கண் சொன்னதும், பாதம் சொன்னதை மீறி உடம்பு அதைக் கேட்டுவிட்டது!

திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடையில் கரகம் ஆடுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். இடுப்பும் காலும் எவ்வளவு வேகமாக ஆடினாலும் தலை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். தலை நிலையாக இருந்தால் கண்ணும் உள்காதும் தரும் தகவல் குழம்பாது. எனக்கு இது வெறும் வித்தையாகத் தெரியவில்லை, உடம்பைப் பற்றிய ஆழ்ந்த அறிவு. வரப்பில் பழகி நடப்பவர்களும் பாதத்தையே பார்த்துக்கொண்டு போவதில்லை. பார்வை இரண்டு மூன்று எட்டு முன்னால் போய்க்கொண்டிருக்கும். அதனால் குனிந்து வளையாமல் நடக்க முடிகிறது.

அம்மா பைஃபோகல் கண்ணாடி போடுகிறாரா? அதன் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. குறுக்குத்துறை மாதிரிப் படித்துறையில் இறங்கும்போது அதன் வழியாகப் பார்த்தால் படியின் விளிம்பு மங்கலாகத்தான் தெரியும். பாசி வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். வெளியே நடக்க, தூரப்பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி வேண்டுமா என்று கண் டாக்டரிடம் கேளுங்கள்.

வயசாகிவிட்டது என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோயும் வைட்டமின் பி12 குறைவும் பாத உணர்ச்சியைக் குறைக்கும், இரண்டையும் ரத்தத்தில் பார்த்துவிடலாம். அதற்கு முன்னால், இன்றைக்கே, கரண்ட் போனால் தானாக எரியும் சார்ஜ் விளக்கு ஒன்றைக் கட்டிலிலிருந்து பாத்ரூம் போகும் வழியில் மாட்டுங்கள்.