அலுவலகக் காகிதத்தைக் கொளுத்தலாமா?

கேள்வி: 14 பேர் வேலை செய்யும் கிரானைட் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதம் 10 ரீம் (ரீமுக்கு 500) தாள் வாங்குகிறோம். பழைய பேப்பர்காரர் எல்லாவற்றையும் ஒரே அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். 'இதைச் சேர்த்து வைத்து என்ன ஆகப்போகிறது, கொளுத்திவிடுங்கள்' என்கிறார் முதலாளி. வேறு வழி உண்டா?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: தயவுசெய்து கொளுத்தாதீர்கள் அம்மா. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் 22 ஆண்டு கணக்கு எழுதியவன் நான். சீசனில் ஒவ்வொரு மாங்காய் லோடுக்கும் எடைச்சீட்டு, கேட் பாஸ், கணக்குச் சீட்டு என்று எல்லாவற்றிலும் மூன்று நகல். அத்தனையையும் பின்பக்கம் குழி வெட்டிக் கொளுத்தினோம். இன்று நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது. கரூர் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். காகித ஆலை கரும்புச் சக்கையில் மட்டுமல்ல, பழைய தாளின் மையை நீக்கியும் கூழ் எடுக்கிறது. நீங்கள் எரிக்கப்போவது அவர்களுக்குக் கச்சாப்பொருள்.

முதலில் பிரிண்டர் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். வீணான தாள் ஒவ்வொன்றும் ஒரு வாரம் அதில்தான் விழ வேண்டும். சனிக்கிழமை உட்கார்ந்து புரட்டிப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்தபோது பாதிக்கு மேல் ஒரே ரகம்: எக்செல் கணக்கின் கடைசிப் பக்கம், மேலே 'மொத்தம்' என்று ஒற்றை வரி, மீதி வெள்ளை. அச்சிடும் முன் 'ஒரே பக்கத்தில் அடக்கு' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தத் தாளே வெளியே வந்திருக்காது. இருபக்க அச்சையும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். ஆளாளுக்கு ஞாபகம் வைத்துச் செய்வார்கள் என்று நம்ப வேண்டாம். ஒரு பக்கம் வெள்ளையாக இருப்பதை பைண்டிங் கடையில் கொடுத்தால் ரஃப் பேடாக ஒட்டித் தருவார்கள். திரும்ப பிரிண்டரில் மட்டும் போடாதீர்கள், சுருண்ட தாளும் ஸ்டேப்ளர் பின்னும் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

அப்புறம் விலை. எல்லாம் கலந்திருந்தால் மட்டமான சரக்கின் விலைதான் கிடைக்கும். வெள்ளைத் தாள் ஒரு சாக்கு, செய்தித்தாள் ஒரு சாக்கு, அட்டைப்பெட்டி தட்டையாக மடித்துத் தனிக்கட்டு. இந்த மூன்று போதும். டீ கப் அதில் விழவே கூடாது. உள்ளே பூச்சு இருக்கும், மிச்ச டீ மற்ற தாளையும் ஊறவைத்துவிடும். எடையையும் நீங்களே போட்டுப் பாருங்கள். 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 75 கிராம்) ஏ4 தாள் ஒரு ரீம் சுமார் 2.3 கிலோ, உங்கள் 10 ரீம் 23 கிலோ. ஃபைலுக்கும் வெளியாளுக்கும் போனது போக மீதி சாக்கில் இருக்க வேண்டும்.

லாரிக்காரர்கள் கொண்டுவரும் எடைமேடைச் சீட்டையும் டோல்கேட் ரசீதையும் நகத்தால் ஒரு கீறு கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது தெர்மல் தாள், அதாவது மை இல்லாமல் சூட்டில் எழுத்து விழும் தாள். ரசாயனப் பூச்சு உள்ளது, சாக்கில் சேர்க்கக் கூடாது. எழுத்தும் சில மாதத்தில் மங்கிவிடும், அதனால் வந்த அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பட்டதை நீங்கள் படக் கூடாது. ஒருநாள் மாலை டீக்கடையில் போண்டா வாங்கினேன். எண்ணெய் ஊறிய தாளைப் பிரித்தால் எங்கள் ஆலையின் சம்பளப் பட்டியல்! பெயர், வங்கிக் கணக்கு எண் எல்லாம் தெளிவாக இருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆதார் நகல், சம்பள விவரம், வங்கித் தாள் எதையும் முழுசாக வெளியே அனுப்பாதீர்கள். நீளவாக்கில் கீற்றாக வெட்டினால் போதும். பொடிப்பொடியாக வெட்டினால் தாளில் உள்ள நார் குட்டையாகிவிடும், சில கடைக்காரர்கள் வாங்கவே மாட்டார்கள்.

பழைய பில் ஃபைல்களில் அவசரம் வேண்டாம். ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். நிறுவனம் கம்பெனியாகப் பதிவாகியிருந்தால் கணக்குப் புத்தகங்களும் வவுச்சர்களும் 8 நிதியாண்டு. வழக்கு நிலுவையில் இருந்தால் இன்னும் கூடும். எந்த ஆண்டு ஃபைலை எடுக்கலாம் என்று ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுங்கள்.