விசுவாசம் குறைந்துபோனதாகத் தோன்றும்போது ஒரு கிறிஸ்தவர் என்ன செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். பிறந்ததிலிருந்து கிறிஸ்தவர். ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், பாடகர் குழு எல்லாவற்றிலும் இருந்தவர். இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் சுவரிடம் பேசுவதுபோல இருக்கிறது. சந்தேகப்படுகிறவன் எதையும் பெறமாட்டான் என்று புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபத்தில் வரும் வசனம் பயமுறுத்துகிறது. பாடகர் குழுவில் நின்று பாடும்போது வெளிவேஷம் போடுவதாகத் தோன்றுகிறது. திருவிருந்து, அதாவது ஆராதனையில் பகிரும் அப்பமும் திராட்சரசமும், எடுக்கலாமா என்றும் தெரியவில்லை.

நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்து இன்றும் அதே சபையில் பின்வரிசையில் உட்காருகிற ஆள். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் யாக்கோபு. 'சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்' என்ற 1:6-ஐ எடுத்து அடிப்பவர்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய வசனத்தைப் படிப்பதில்லை. சோதனையில் சிக்கி, என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிறவனுக்குத்தான் அந்தப் பகுதி எழுதப்பட்டிருக்கிறது. ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும், தேவன் 'ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்' என்று 5-ஆம் வசனம் சொல்கிறது. அப்புறம் 8-ஆம் வசனத்தில் 'இருமனமுள்ளவன்' வருகிறான். அதே ஆளை யாக்கோபு 4-ஆம் அதிகாரத்தில் மறுபடியும் திட்டுகிறார். அங்கே பேச்சு உலக சிநேகத்தைப் பற்றியது. தேவனும் வேண்டும், அதுவும் வேண்டும் என்று இரண்டு பக்கமும் கணக்குப் போடுகிறவன் அவன். நம்ப முடியவில்லையே என்று ராத்திரி அழுகிறவரை அவனோடு சேர்க்க எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

அப்படி அழுதவர் ஒருவர் மாற்கு சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறார். மகனுக்குச் சிறுவயதிலிருந்தே வலிப்பு. தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான். தகப்பன் முதலில் சீஷர்களிடம்தான் கொண்டுவந்தார். அவர்களால் முடியவில்லை. கூட்டம் வேடிக்கை பார்க்கிறது, வேதபாரகர் வாதாடுகிறார்கள். இத்தனைக்கும் பிறகுதான் அவர் இயேசுவிடம் 'நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்' என்று இழுக்கிறார். அந்தச் சந்தேகத்துக்குப் பாதிக் காரணம் சீஷர்கள் என்பேன். சபை கைவிட்ட இடத்தில் ஆண்டவர்மேலும் சந்தேகம் வருவது இன்று நேற்று நடப்பதில்லை. அப்புறம் அவர் கண்ணீரோடே சொன்னது உங்களுக்குத் தெரியும்: 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.' ஒரே மூச்சில் இரண்டும். இயேசு அவரை, போய் விசுவாசத்தைத் தேற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை. பையன் அப்போதே குணமாகிறான். அரைகுறை ஜெபத்துக்குக் கிடைத்த பதில் அரைகுறையாக இல்லை.

சரி, இதெல்லாம் வேதத்திலேயே இருக்கும்போது நமக்கு ஏன் சந்தேகம் இவ்வளவு பெரிய அவமானமாகத் தெரிகிறது? என் பதில் கொஞ்சம் கசப்பானது. நாம் சாட்சி சொல்லும் முறைதான் காரணம். வருடக் கடைசி ராத்திரி ஆராதனையில் எழுந்து சொல்லப்படும் சாட்சிகளைக் கவனியுங்கள். டாக்டர்கள் கைவிட்டார்கள், ஜெபித்தோம், சுகம். விசா மறுக்கப்பட்டது, உபவாசம் இருந்தோம், கிடைத்தது. அவை பொய் என்று சொல்லவில்லை. ஆனால் 'ஜெபித்தோம், கிடைக்கவில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன்' என்று எழுந்து சொன்ன யாரையும் நான் பார்த்ததில்லை. சொல்லியிருந்தால் அவருக்காக ஜெபம் ஏறெடுத்திருப்பார்கள்! பலனைக் கொண்டுதான் விசுவாசத்தை அளக்கவேண்டும் என்று நாம் சின்ன வயதிலேயே இப்படிக் கற்றுக்கொண்டுவிடுகிறோம்.

என் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. வீட்டில் உபவாச ஜெபம், சபையில் விசேஷ ஜெபம், எண்ணெய் பூசி ஜெபம், எல்லாம் நடந்தது. அப்பா இறந்துவிட்டார். அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் ஆறுதல் சொல்ல வந்த சபைப் பெரியவர் ஒருவர் அம்மாவிடம், 'இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடே பற்றிக்கொண்டிருந்தால் கர்த்தர் பார்த்திருப்பார்' என்றார். விடியற்காலம் எழுந்து அப்பாவுக்காக முழங்காலில் நின்றவர் அம்மா. அவரிடம் போய் இதைச் சொல்ல எப்படி மனம் வந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அதற்கப்புறம் ரொம்ப காலம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் கோபம்தான் வந்தது.

அந்தப் பெரியவருக்குச் சொல்ல வேண்டிய பதில் எபிரெயர் 11-இலேயே இருந்தது. விசுவாச வீரர்களின் அதிகாரம் என்று நாம் கொண்டாடுவது. முதல் முப்பத்து நான்கு வசனங்களில் சமுத்திரம் பிளக்கிறது, எரிகோ மதில் விழுகிறது, சிங்கங்களின் வாய் அடைபடுகிறது. 35-ஆம் வசனத்தின் நடுவில் திடீரென்று காற்று மாறுகிறது. 'வேறுசிலர்' வருகிறார்கள். அவர்கள் கல்லெறியுண்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள், குகைகளில் அலைந்தார்கள். அந்த இரண்டு கூட்டத்தையும் சேர்த்து 39-ஆம் வசனம் சொல்கிறது: இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றும், வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள். எல்லாரும்! மதில் விழுந்தவர்களுக்கு அதிக விசுவாசம், வாளால் அறுப்புண்டவர்களுக்குக் குறைந்த விசுவாசம் என்று எழுதியவர் பிரிக்கவில்லை. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் இந்த வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை.

அம்மா எப்படித் தாக்குப்பிடித்தார் என்றால், சொந்த வார்த்தையில் ஜெபிப்பதை நிறுத்திவிட்டுச் சங்கீதங்களை மட்டும் சத்தமாக வாசித்தார். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' என்று ஆரம்பிக்கும் 13-ஐயும், 88-ஐயும் அடிக்கடி. 13 கடைசியில் பாட்டாக முடிகிறது. 88 அப்படி முடிவதில்லை. நன்றி இல்லை, ஸ்தோத்திரம் இல்லை, இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே நிற்கிறது. அதைத் தொகுத்தவர்கள் கடைசியில் நல்லதாக நாலு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. உங்களுக்கு ஜெபம் வராத நாட்களில் 88-ஐச் சத்தமாக வாசியுங்கள். சுவரிடம் பேசுவதுபோலவே இருந்தாலும் பரவாயில்லை, எழுதியவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

அடுத்து தோமா. உயிர்த்தெழுந்த இயேசு முதலில் வந்தபோது அங்கே இல்லாமல், காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொன்ன சீஷர். நம் ஊரில் 'சந்தேகத் தோமா' என்பது வசவாகவே ஆகிவிட்டது. இயேசு எருசலேம் பக்கம் போனால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் தயங்கியபோது, 'அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்' என்று சொன்னது இதே தோமாதான், யோவான் 11:16. அப்புறம், உயிர்த்தெழுதலைச் சந்தேகித்தவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. ஸ்திரீகள் கல்லறையிலிருந்து வந்து சொன்னபோது அப்போஸ்தலர்களுக்கு அது 'வீண்பேச்சாக' தோன்றியது என்று லூக்கா எழுதுகிறார். கலிலேயா மலையில் அவரைக் கண்ணால் கண்டு பணிந்துகொண்ட இடத்தில்கூட 'சிலரோ சந்தேகப்பட்டார்கள்' என்று மத்தேயு மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். பழி மட்டும் தோமாமேல்.

எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது நடுவில் இருக்கும் எட்டு நாள். நம்பமாட்டேன் என்று சொன்ன பிறகும் தோமா அவர்களோடேதான் இருந்தார். கண்டேன் என்று சொன்ன பத்துப் பேரும் அவரை வெளியே தள்ளவில்லை. இயேசு மறுபடி வந்தபோது அவர் அந்த அறைக்குள் இருந்தார். கி.பி. 52-இல் கேரளக் கரைக்கு வந்து, 72-இல் இன்றைய சென்னையில் இரத்தசாட்சியாக மரித்தவர் அவரே என்பது நம் மரபு. பரங்கிமலையும் சாந்தோமும் அந்த நினைவில் நிற்கின்றன. மரபின்படி பார்த்தால் இந்தியா வரை வந்துசேர்ந்தது, சந்தேகக்காரர் என்று நாம் ஏசுகிற அந்த ஆள்தான்.

வெளிவேஷம் பற்றிக் கேட்டீர்கள். அன்னை தெரசா 1997-இல் இறந்தார். அவர் தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007-இல் வெளியானபோது பலரும் அதிர்ந்துபோனார்கள். கொல்கத்தாவில் ஏழைகளுக்கான பணியைத் தொடங்கிய காலத்திலிருந்து ஏறக்குறைய ஐம்பது வருடம் ஜெபத்தில் வெறுமையையும் இருட்டையும்தான் உணர்ந்ததாக அவற்றில் இருந்தது. அப்போது சிலர், பார்த்தீர்களா, எல்லாம் நடிப்பு என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உணர்ச்சி இருக்கும்போது மட்டும் செய்வதென்றால் அவர் முதல் வருடத்திலேயே வீட்டுக்குப் போயிருக்கலாம். உள்ளே இல்லாத சந்தோஷத்தை இருப்பதாகக் காட்டி மற்றவர்களை ஏமாற்றினால் அது வெளிவேஷம். வறண்ட மனதோடு பாடகர் குழுவில் உங்கள் பாகத்தைப் பாடுவது அந்த வகையில் வராது. பாடுங்கள். 'இப்போது என் ஜெபவாழ்க்கை உச்சத்தில் இருக்கிறது' என்று மட்டும் மைக் பிடித்துச் சொல்லாதீர்கள், போதும்.

இன்னொன்றையும் பார்க்கவேண்டும். சில நேரம் விசுவாசக் குறைவு என்று நாம் நினைப்பது உடம்பின் களைப்பாக இருக்கும். சூரைச்செடியின் கீழே படுத்துச் சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், சாவைப் பற்றிய எண்ணம் வந்துகொண்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எடுப்பது அவிசுவாசம் என்று சொல்பவர் சர்க்கரைக்கு என்ன எடுக்கிறார் என்று கேளுங்கள்.

இங்கிலாந்தில் வில்லியம் கூப்பர் என்று ஒரு கவிஞர் இருந்தார். உலகமெங்கும் சபைகளில் பாடப்படும் ஞானப்பாட்டுகளை எழுதியவர். 1773-இல் கடுமையான மனநோய் தாக்கி, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணத்தில் விழுந்தார். 1800-இல் இறக்கும்வரை அந்த எண்ணம் முழுதாக அவரை விடவில்லை. ஓல்னி ஊர்ப் போதகர் ஜான் நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஒரு வருடத்துக்கும் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். வீட்டில் ஓர் அறையைக் கொடுத்ததுதான் அவர் செய்ததில் பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் இதைப் போடாதீர்கள். நாற்பது கைகூப்பும் படங்கள் வரும், வேறொன்றும் வராது. உடனே தீர்க்கதரிசனம் சொல்லாத, நீங்கள் சொன்னதை நாலு பேரிடம் ஜெபக்குறிப்பாகக் கொண்டுபோகாத ஒருவர் போதும். அது உங்கள் பாட்டியாகக்கூட இருக்கலாம். அறிவு சார்ந்த கேள்விகள் என்றால், படைப்பும் பரிணாமமும், மற்ற மதத்தினரின் கதி, சுவிசேஷங்களுக்குள் இருக்கும் வேறுபாடுகள் என்று எதுவானாலும், அவற்றைத் தாளில் எழுதிவைத்துப் படித்தவர்களிடம் கேளுங்கள். அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று சொல்பவரிடம் மறுபடி போகவேண்டாம். உணர்ச்சி தேடிச் சபை சபையாக மாறுவதும் வேண்டாம்.

கடைசியாகத் திருவிருந்து. அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய், பங்குபெறுவது பற்றிப் பவுல் 1 கொரிந்தியர் 11-இல் எழுதியது, வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்த சபைக்கு. அங்கே சந்தேகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. தன்னைச் சோதித்தறியச் சொன்னவர் அதே மூச்சில் புசிக்கவும் சொல்கிறார். முதல் திருவிருந்து நடந்த பந்தியில்தான் இயேசு பேதுருவிடம், 'நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்' என்றார். சேவல் கூவுமுன் இவன் மறுதலிப்பான் என்று தெரிந்துதான் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். அதனால் உங்கள் சபையில் அடுத்த திருவிருந்து என்றைக்கோ அன்றைக்குப் போங்கள். உங்கள் போதகர் ஐயரிடம் முன்னாலேயே அனுமதி கேட்கவேண்டியதில்லை. மனம்விட்டுப் பேசவேண்டுமானால் வாரநாளில் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு நூறு வேலை.